கில்பர்ட்டின் பக்கம்

ஆகஸ்ட் 11, திங்கள்

இந்த நோட்டை வக்கீல் சண்முகவடிவு கொடுத்தார். "தேதி போட்டு எழுதுங்க இசக்கி. எப்ப வலிக்குது, என்னைக்கு வேலைக்குப் போக முடியல, அன்னைக்கு நடந்ததுல என்னெல்லாம் ஞாபகம் வருது, எல்லாத்தையும் எழுதுங்க. சாட்சிக் கூண்டுல நிக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் குழப்புவார். எழுதி வச்சிருந்தா குழம்ப மாட்டீங்க" என்றார்.

சரி, எழுதுகிறேன்.

போன வருஷம் நவம்பர் பதினான்காம் தேதி, காலை ஒன்பதே கால். உப்பளத்துச் சாலையில் பாலம் தாண்டி இருநூறு அடியில் ஒரு குழி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மூடிவிட்டதாகக் காகிதத்தில் எழுதிவிட்டு ஒப்பந்தக்காரர் விட்டுப்போன குழி. முந்தின நாள் மழை பெய்து தண்ணீர் நிரம்பியிருந்தது. பார்க்க ரோடு போலவே இருந்தது. தடுப்பு இல்லை, பலகை இல்லை, ஒரு குச்சியில் சிவப்புத் துணிகூட இல்லை. என் பைக் அதில் இறங்கியது. பின்னால் ஏணியோடு உட்கார்ந்திருந்த கில்பர்ட் செத்துப்போனான். எனக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

நாங்கள் வீடுகளுக்கு இன்டர்நெட் இழுக்கிறவர்கள். நான் ஓட்டுவேன். அவன் ஏணியையும் கேபிள் சுருளையும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவான். ஆறு வருஷம் அப்படித்தான்.

நடந்தது இவ்வளவுதான். இதற்கு அறுபது பக்க நோட்டு அதிகம்.

ஆகஸ்ட் 13

தார்ப்பாயை எடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த நாள் முதல் வண்டி அதற்கு அடியில்தான் கிடந்தது. சங்கிலி துருப்பிடித்திருந்தது. ஹேண்டில் கொஞ்சம் வளைந்திருந்தது. பின்னால் உட்காருகிறவன் கால் வைக்கும் கம்பி இரண்டும் விரிந்தபடியே நின்றன. மடக்கவில்லை.

ஆகஸ்ட் 14

மெக்கானிக் தாவூது பாய் கடைக்கு உருட்டிக்கொண்டே போனேன். சங்கிலி, பேட்டரி, ஹேண்டில் எல்லாம் பார்த்துக் கொடுத்தார். பிறகு பின் சீட்டில் கையை ஊன்றி இரண்டு முறை அமுக்கினார்.

"ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு மாப்ளே. ஆயில் கக்குது. டாக்டர் இடுப்புல பிளேட் வச்சிருக்கார்ல, அந்தப் பிளேட்டுக்காவது மரியாத குடு. பழச கழத்திப் போட்டுட்டு கேஸ் அடைச்ச புது ஷாக் மாட்டிருவோம். நம்ம ஊரு ரோட்டுலயும் மெத்தையில போற மாதிரி போவ."

பார்க்கக் குனிந்தார். நான் ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

"ஏம்ல ஓடுத? நான் என்ன ஊசியா போடப்போறேன்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 18

கம்பெனி என் ஐடியைத் திரும்பத் திறந்துவிட்டது. 'மீண்டும் வரவேற்கிறோம், பார்ட்னர்!' என்று ஒரு செய்தி, பக்கத்தில் பூங்கொத்துப் படம். கில்பர்ட்டின் ஐடியை அவன் செத்த அன்று மதியமே மூடினார்கள். அடக்கம் மறுநாள்தான் நடந்தது. ஐடி அதற்கு முன்பே போய்விட்டது. அவன் வேலை செய்யும்போது செத்தான் என்று எழுதிக் கேட்டதற்கு, எங்களிடம் தொழிலாளர்கள் கிடையாது, பார்ட்னர்கள் மட்டும்தான் என்று பதில் வந்தது. பார்ட்னர் செத்தால் அது அவன் சொந்த விஷயமாம்.

இப்போதைக்கு ஏணி தேவைப்படாத சின்ன வேலைகள் மட்டும் தருகிறார்கள். தனியாகப் போகிறேன்.

ஆகஸ்ட் 20

இடுப்பு வலி. மாத்திரை இரண்டு.

வண்டி நேராகப் போகவில்லை. இடது பக்கம் மட்டும் யாரோ கீழிருந்து தூக்கிப் பிடித்திருப்பதுபோல இருக்கிறது. சுமை எதுவும் இல்லை. மெதுவாகப் போனால் தெரிவதில்லை. நாற்பதைத் தாண்டினால் பின்பக்கம் நெளிகிறது.

ஆகஸ்ட் 27

சிதம்பரநகர்ப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டில் மோடம் மாற்றினேன். பழைய வாடிக்கை. வேலை முடிந்ததும் தட்டில் இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னொரு தம்பி எங்க? ஏணில நிக்கானா?"

"லீவு டீச்சர்" என்றேன்.

இரண்டு தம்ளரையும் நானே குடித்தேன்.

செப்டம்பர் 3

வக்கீலம்மா ஞாபகம் வருவதையெல்லாம் எழுதச் சொன்னார். ஷாக் விஷயம் மனதில் ஓடுவதால் அதை எழுதுகிறேன்.

பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கொன்றாக ஷாக் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வளையம், அதில் ஐந்து படிகள். கொக்கி ஸ்பேனர் போட்டுத் திருகினால் டக்கென்று அடுத்த படிக்கு ஏறும். தனியாக ஓட்டுகிறவனுக்கு முதல் படி, மெத்தென்று இருக்கும். இரண்டு ஆளும் பாரமும் என்றால் ஐந்தாம் படி, விறைப்பாக நிற்கும். ஊரில் யாரும் அதைத் தொடுவதில்லை. கம்பெனியிலிருந்து வந்த படியிலேயே கடைசிவரை ஓட்டுவார்கள். கில்பர்ட் தொட்டான். ஏணியும் சுருளும் அவனும் ஏறினால் மட்கார்டு டயரில் உரசியது. அதற்கு அவன் கண்ட வழி இது. சாயங்காலம் நான் தனியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்ப வேண்டும் என்பதால் அப்போது முதல் படிக்கு இறக்கிவிடுவோம். காலையில் அவன் வீட்டு வாசலில் மறுபடி ஏற்றுவோம்.

இடது பக்கம் அவனுடையது. குந்தி உட்கார்ந்து நான்கு முறை திருகுவான். டக், டக், டக், டக். பிறகு எழுந்திருக்காமலே சீட்டுக்கு மேலாக ஸ்பேனரை நீட்டுவான். "உன் பக்கம்" என்பான். நான் வாங்கி வலது பக்கத்தைத் திருகுவேன். தாவூது பாய் ஒருநாள் பார்த்துவிட்டு, "காலை ஜெபம் முடிஞ்சுதால? வண்டிக்கு ஞானஸ்நானம் எப்பம்?" என்று சிரித்தார். கில்பர்ட் விடவில்லை. "நீங்க அஞ்சு வேள தொழுதீக பாய், நாங்க அஞ்சு படி ஏறுதோம்" என்றான்.

அன்று காலையும் அவன் பக்கத்தை அவன் திருகினான். நான்கு டக். கேட்டேன்.

செப்டம்பர் 4

நேற்று எழுதியதை வக்கீலம்மாவுக்குக் காட்டத் தேவையில்லை. வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

செப்டம்பர் 12

டீக்கடையில் ஒருவர், வெள்ளைச் சட்டை, என்னிடமே சொல்கிறார்: "இளவட்டப் பயலுவோ வேகமா ஓட்டிட்டு ரோட்டக் குத்தம் சொல்லுவானுவோ." நான் டம்ளரை வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். முப்பத்தைந்தில் போனேன் என்றேன். குழியின் ஆழம் தெரியுமா என்று கேட்டேன். அந்தக் குழியைத் தோண்டியவருக்கே அடுத்த மூன்று தெருவும் கொடுத்திருக்கிறார்கள், அது தெரியுமா என்று கேட்டேன். கடைக்காரர் வந்து என்னை இழுத்துப்போக வேண்டியதாயிற்று.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முப்பத்தைந்தில்தான் போனேன். வீட்டுக்கு வந்தும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22

தாவூது பாயிடம் கேஸ் ஷாக்குக்குச் சொல்லிவிட்டேன். மதுரையிலிருந்து வர வேண்டும். அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை மாட்டித் தருகிறார்.

"பழசு ரெண்டையும் இரும்புக்கடையில போட்ருதேன், என்ன?" என்றார்.

"போட்ருங்க."

தூங்கி எழுந்தவன்போல் லேசாக இருந்தது. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 25

லேசாக இல்லை. ஷாக் வளையத்தைத் திருகும்போது வரும் அந்தச் சத்தம் வண்டி சும்மா நிற்கும்போதும் வருகிறது. இன்ஜின் சூடு ஆறுகிற சத்தமாக இருக்கும். டக், டக் என்று. எண்ணினேன். நான்கோடு நிற்கிறது.

செப்டம்பர் 30

வக்கீல் ஆபீஸ். கில்பர்ட்டின் மனைவி ஜெனோவா மதினியும் வந்திருந்தார். குழி தோண்டியவர்மேல் வழக்குப் போட்டது அவர்தான். உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் நின்றபடியே வேலை. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. சாட்சி சொல்லும் நாள் அக்டோபர் பதினான்கு. என் வண்டிக்கு இருப்பது ஆகக் குறைந்த இன்சூரன்ஸ். பின்னால் உட்காருகிறவனுக்கு அதில் ஒன்றும் கிடையாது. மதினிக்கு ஏதாவது வர வேண்டுமென்றால் குழி தோண்டியவரிடமிருந்துதான் வர வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே சாட்சி நான்.

வக்கீலம்மா கேட்டார்: "வண்டியில ஏதாவது குறை இருந்துச்சா? இப்பவே சொல்லிருங்க."

"இல்ல மேடம்."

"மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்லயும் பிரேக் சரின்னுதான் இருக்கு. நல்லது. இன்னொண்ணு. சாட்சி முடியுற வரைக்கும் வண்டியில எதையும் மாத்தாதீங்க. மாத்திட்டான், மறைச்சுட்டான்னு அவங்க சொல்லக் கூடாது."

"சங்கிலி, பேட்டரி தவிர எதுவும் மாத்தல மேடம்" என்றேன். அது உண்மை.

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ஏன் தம்பி இப்படி மெலிஞ்சு போயிட்ட? நீயாவது ஒழுங்கா தின்னு" என்றார்.

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 5

மாற்றினால் சட்டப்படி தப்பு. மாற்றாவிட்டால் யாராவது ஒருநாள் குனிந்து பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார். அங்கே மட்டும் குனியவில்லை. இந்த நாட்டில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பதால் நான் பிழைத்திருக்கிறேன். குழி மூடாதவனும் அதே காரணத்தால்தான் பிழைத்திருக்கிறான்.

அக்டோபர் 8

ஸ்பேனர் என்னிடம் இல்லை. அது கில்பர்ட்டின் டூல் பையோடு மதினி வீட்டுக்குப் போய்விட்டது. ஸ்குரூ டிரைவரை முட்டுக்கொடுத்துச் சுத்தியலால் தட்டினாலும் வளையம் நகரும். காலையில் வண்டியின் வலது பக்கம் உட்கார்ந்தேன். ஸ்குரூ டிரைவரை வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ரிப்பேர் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று எடுத்துவிட்டேன்.

அவர் கேட்காவிட்டாலும் எடுத்திருப்பேன்.

அக்டோபர் 11, சனி

மதுரையிலிருந்து பார்சல் வரவில்லை. "வியாழக்கிழமைதான் வருமாம் மாப்ளே. இவ்வளவு நாள் ஓட்டுன, இன்னும் அஞ்சு நாள் ஓட்டு" என்றார் தாவூது பாய்.

திரும்பி வரும்போது மதினி போன் செய்தார். செவ்வாய்க்கிழமை அவரை நான்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம்.

"பஸ்ஸுல வாங்களேன் மதினி. எனக்கு இடுப்பு…"

"அர நாளுதான் லீவு தந்திருக்கான். ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வந்தா அதுவும் போச்சு. ஏன், உன் வண்டியில ஏற எனக்குப் பயம்னு நெனைக்கியா? எனக்குப் பயம் இல்ல."

சரி என்றேன்.

அக்டோபர் 13

எதுவும் செய்யவில்லை. நாளை அவரை ஏற்றப் போகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அதே இடம், வேப்பமரத்துக்கு எதிரே. விபத்துக்குப் பிறகு அங்கே வண்டியை நிறுத்துவது இதுதான் முதல் தடவை. மதினி நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் துணி சுற்றிய ஒன்று. பிரித்தார். கொக்கி ஸ்பேனர்.

"இதத் திருகாம ரெண்டு பேரு ஏறுனா வண்டி ஆடும்பாரு. தெனமும் பாத்திருக்கேன்லா. எனக்கும் தெரியும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சேலையை ஒதுக்கி இடது பக்கம் குந்திவிட்டார். கொக்கியை மாட்டி இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார்.

"போமாட்டேங்கே. ஏற்கெனவே அஞ்சுலதான நிக்கி?"

"ஆமா மதினி."

"அப்பம் அன்னைக்கு அவரு திருகினது அப்படியே நிக்கி" என்றார். அந்த வளையத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார். எழுந்திருக்காமல், சீட்டுக்கு மேலாக ஸ்பேனரை நீட்டினார்.

"உன் பக்கம்."

அவன் நீட்டுகிற உயரத்திலேயே அந்தக் கை இருந்தது. வாங்கினேன். வாங்கியபின் ஏற்கெனவே திருகியாயிற்று என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். அன்றைக்கு அவன் நம்பினான்.

உட்கார்ந்தேன். மாட்டினேன். திருகினேன். டக். டக். டக். டக்.

மதினி எழுந்து என் பக்கம் சுற்றி வந்தார்.

"நாலு" என்றார். "அவரு பக்கம் அஞ்சுல இருந்துச்சு. உன் பக்கம் ஒண்ணுல இருந்துச்சு."

"ஆமா."

"அதுக்குப் பொறவு நீ தொடல."

"தொடல."

"அப்பம் அன்னைக்கு?"

சொன்னேன். சூப்பர்வைசர் போன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒன்பதரைக்குள் போகாவிட்டால் வேலை வேறு ஜோடிக்குப் போய்விடும் என்று கத்தினான். ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பேனர். கில்பர்ட் ஏணியைத் தூக்கத் திரும்பினான். நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டேன். "ஆச்சா?" என்று கேட்டான். "ஆச்சு" என்றேன்.

மதினி ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கித் துணியில் சுற்றினார். அவ்வளவு மெதுவாகச் சுற்றினார். பிறகு பின்னால் ஏறி, ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

"எடு. நேரமாவுது."

பதினோரு மாதத்துக்குப் பிறகு வண்டி நேராகப் போனது. பின்னால் கனம் இருந்தது, கனத்துக்கு ஏற்ற விறைப்பு இருந்தது. கண்ணாடியில் பார்க்கவில்லை.

பாலம் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். குழியை இப்போது தாரைக் கொட்டி மூடியிருக்கிறார்கள், செத்த மாட்டின் முதுகு மாதிரி புடைத்துக்கொண்டு. இறங்கி அதன் மேல் போய் நின்றார். ஒரு உப்பு லாரி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.

"குழி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு மதினி. இம்புட்டு ஆழம்."

"அதுக்கு முன்னாடியே வண்டி ஆடுச்சா?"

இதை நான் போலீசுக்குச் சொல்லவில்லை. வக்கீலம்மாவுக்குச் சொல்லவில்லை. இந்த நோட்டில் எழுதவில்லை.

"பாலத்துலயே ஆடுச்சு. அவன் கேட்டான். என்னல ஆடுதுன்னான். எனக்குத் தெரியும், ஏன் ஆடுதுன்னு. ஓரமா நிறுத்தி நாலு திருகு திருகியிருந்தா முடிஞ்சிருக்கும். நான்… காத்துன்னேன். உப்பளத்துக் காத்துல, பேசாம ஏணியப் பிடின்னேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"கோர்ட்டுல நான் என்ன சொல்லணும் மதினி? நீங்க எப்படிச் சொல்லச் சொல்லுதீங்களோ அப்படிச் சொல்லுதேன்."

"அத எம்மேல ஏத்தாத" என்றார். "நீ ஓட்டுன வண்டி."

மறுபடி பின்னால் ஏறி உட்கார்ந்தார்; கோர்ட் வாசலில் இறங்கி எனக்கு முன்னால் உள்ளே நடந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது சாதாரணக் கேள்வி. எல்லோரையும் கேட்பதுதான். வண்டி நல்ல நிலையில் இருந்ததா? பதிலைக்கூட அவர் எதிர்பார்க்கவில்லை, அடுத்த தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

சொன்னேன். படிகள், ஸ்பேனர், போன், பாலம், காற்று, இன்று காலை வலது பக்கத்தைத் திருகியது. வக்கீலம்மா கோப்பை மூடி, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பிய தாளை அப்படியே மேசையில் போட்டுவிட்டார். நீதிபதி ஆங்கிலத்தில் சொல்ல, ஓர் அம்மா டைப் அடித்தார். பத்து நிமிடம் நான் பேசியது ஒன்றரை வரி ஆனது. வாசித்துக் காட்டினார்கள். வண்டியின் பின்பக்கம் சரியாக இல்லை, அது எனக்குத் தெரியும் என்று இருந்தது.

"இதுல குழி எங்க ஐயா?" என்றேன்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

"ரெண்டும் இருந்துச்சு ஐயா. என் தப்பும் இருந்துச்சு, குழியும் இருந்துச்சு. குழிய மூடியிருந்தா ஆடிக்கிட்டாவது போய்ச் சேர்ந்திருப்போம். நான் என்னுதச் சொல்லிட்டேன். அவுக குழியையும் எழுதுங்க. எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

சத்தம் போடாதே என்றார்கள். நான் நகரவில்லை. போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கடைசியில் நீதிபதி டைப் அடிக்கிற அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். இன்னொரு வரி சேர்த்தார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது மதினி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். என்னைப் பார்க்காமல் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அக்டோபர் 17

எதிர்த்தரப்பு மனுப் போட்டு, பழைய ஷாக் இரண்டையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டது. தாவூது பாய்தான் கழற்றினார். இரண்டும் ஐந்தில் நின்றபடியே, கோர்ட் எழுத்தர் ஒருவர் முன்னிலையில், சாக்கில் போட்டு அரக்கு வைத்துக் கொண்டுபோனார்கள். மாற்றலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். அதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். புதுசு வந்திருந்தது. மாட்டினார்.

"எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார் பாய்.

"சொல்லியிருந்தா?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். கூலி வாங்க மறுத்தார். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். இரக்கம் காட்டினால் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 23

வக்கீலம்மா வழக்கை விடவில்லை. "கொறையும். ஆனா மொத்தமா போகாது. நீங்க அடம்பிடிச்சுச் சேத்தீங்களே ஒரு வரி, அத வச்சுத்தான் இனி வாதாடணும்" என்றார். நோட்டைக் கேட்டார். தருகிறேன் என்றேன். தீர்ப்பு எப்போது என்று அவருக்கே தெரியாது.

மதினியைப் பற்றி அவரிடம் கேட்டேன். உங்கமேல ரொம்பக் கோவம் என்றார். கோப்பைக் கட்டிக்கொண்டே, "ஆனா கேஸ வாபஸ் வாங்கவா, இசக்கிய எதிரியா சேக்கவான்னு நான் கேட்டப்ப, ரெண்டுமே வேண்டாம்னுட்டாங்க" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் வாசல் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே துணி சுற்றிய கொக்கி ஸ்பேனர். துண்டுக் காகிதம் எதுவும் இல்லை. மதினி எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

இன்று முதல் ஏணி வேலை. தனி ஆளாகத்தான். ஏணியைப் பின் சீட்டில் கட்டினேன், சுருளை அதன்மேல் கட்டினேன். புது ஷாக்கிலும் ஐந்து படிகள்தான்.

இடது பக்கம் குந்தி உட்கார்ந்து நான்கு முறை திருகினேன். எழுந்திருக்காமலே ஸ்பேனரைச் சீட்டுக்கு மேலாக நீட்டினேன். கை வலிக்கும் வரை நீட்டியபடி இருந்தேன். பிறகு எழுந்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு, என் பக்கம் போனேன்.